பினாங்கில் நாம் விட்டுவிட்ட பேருந்து

ஆச்சி,

இன்று காலை பழைய கைப்பையை உதறி வெயிலில் வைக்க எடுத்தேன். உள்மடிப்பில் நீல நிறத்தில் வட்டமாக ஒரு ஒட்டுத்தாள். நடுவில் ஏழு என்று எழுதியிருந்தது. பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது, யார் எந்தப் பேருந்தில் ஏறவேண்டும் என்று தெரிவதற்காக ஒவ்வொருவர் தோளிலும் ஒட்டினார்களே, அது. உங்களுடையதை நீங்கள் சேலையில் ஒட்ட விடவில்லை. "புதுக் கண்டாங்கிப்பா, பசை புடிச்சா போகாது" என்று அந்தக் கப்பல் ஊழியரிடம் தமிழிலேயே சொன்னீர்கள். அவர் பிலிப்பைன்ஸ்காரர். என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே உங்கள் உள்ளங்கையில் ஒட்டிவிட்டார்.

அந்தப் பயணத்துக்கு முன்பு நாம் இருவரும் சம்பந்திகள் என்று பெயர்தான். உங்கள் மகளும் என் மகனும் தாங்களாக முடிவு செய்த கல்யாணம். நாங்கள் கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பம். நீங்கள் நேமத்தான்பட்டியில் பெரிய வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பெண்ணின் தாய்க்கென்று மணமேடையருகே போட்டிருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. தாலி கட்டும் நேரத்திலும் என் மருமகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை என் மனதில் தங்கிவிட்டது.

பேத்தி பிறந்த பிறகு, பிள்ளைகள் குடியிருக்கும் சிங்கப்பூருக்கு நீங்கள் வரத் தொடங்கினீர்கள். ஆனால் நீங்கள் இருக்கும்போது நான் போகமாட்டேன், நான் இருக்கும்போது நீங்கள் வரமாட்டீர்கள். பிள்ளைகள் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்கள்? இருவரையும் ஒரே நேரத்தில் வரவழைத்து, பினாங்கு போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கும் குழந்தைக்கும் ஓர் அறை. நமக்கு ஓர் அறை. அறைக்குச் சாவியாக ஆளுக்கொரு அட்டையைக் கையில் கொடுத்தபோதுதான் நமக்கே விஷயம் தெரிந்தது. வேறெங்காவது போகலாமென்றால் சுற்றிலும் கடல்.

அறைக்குள் நாம் எவ்வளவு மரியாதையாக இருந்தோம். "விளக்க அணைக்கலாங்களா?" "நீங்க மொதல்ல குளிங்க." அதற்கு மேல் பேச்சில்லை. ஆபத்துக் காலத்தில் என்ன செய்யவேண்டும் என்று கப்பலில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தபோது, அந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையின் வாரை உங்களுக்கு மாட்டத் தெரியவில்லை. நான் வந்து மாட்டிவிட்டேன். நீங்கள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நானும்தான்.

பினாங்கில் இறங்கும் அன்று குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டது. பிள்ளைகள் கப்பலிலேயே தங்கிக்கொண்டு, கட்டிய பணம் வீணாக வேண்டாம் என்று நம் இருவரையும் ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பினார்கள். வழிகாட்டியாக வந்தது அந்த ஊர்த் தமிழ்ப் பெண். மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கடலுக்குள் மரக்கால்கள் நட்டு, அவற்றின்மேல் சீனக் குடும்பங்கள் வீடு கட்டி வாழும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். பலகை போட்ட நடைபாதை, கீழே தண்ணீர். எல்லோரும் படம் எடுப்பதில் இருந்தார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே உங்கள் செருப்பு மாட்டி, நீங்கள் விழுந்தீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வீங்கியது.

வழிகாட்டிப் பெண் பதறிப்போனாள். அடுத்து கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போகவேண்டும். பேருந்தில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். "ஆன்ட்டி, டாக்சி சொல்றேன். கப்பலுக்குத் திரும்பிடுறீங்களா?" என்று கேட்டாள்.

நீங்கள் என்னைப் பார்த்து, "நீங்க போங்க சம்பந்தி. எனக்காக ஊரு பாக்காம இருக்காதீக" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் விரல்கள் என் முந்தானையைப் பிடித்திருந்தன. பிடித்திருப்பது உங்களுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"ஊர இன்னொரு நா பாத்துக்கலாம் ஆச்சி. காலை நீட்டுங்க" என்றேன்.

பேருந்து போய்விட்டது. பக்கத்தில் ஒரு குளிர்பானக் கடை. கடைக்காரச் சீன அம்மாள் துண்டில் ஐஸ் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்க, அந்த ஊரில் பேர்போன ஜாதிக்காய்ச் சாறும் கொடுத்தார். உங்கள் காலை என் மடியில் தூக்கி வைத்து ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ மழை வந்து தகரக் கூரையில் கொட்டியது. டாக்சியைக் காணோம்.

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள். "கல்யாணத்துக்கு நான் வரல. ஏன் வரலன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கல."

"கேட்டா என்ன சொல்லுவீக ஆச்சி?"

"பயந்துட்டேன். பங்காளிக வீட்ல என்ன சொல்லுவாகளோன்னு பயந்துட்டேன்." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தீர்கள். "அன்னைக்கிக் காலைல எந்திரிச்சு, குளிச்சு, கல்யாணப் பட்டக் கட்டிக்கிட்டு, வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன். முகூர்த்த நேரம் வந்துச்சு. அட்சதைய எடுத்து அவ போட்டாவுக்குப் போட்டேன். அது எம் மகளுக்கு இன்னமும் தெரியாது."

மண்டபத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியை மட்டுமே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் பட்டுச்சேலையோடு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் எப்படி அறிவேன்? ஐஸ் உருகிப்போன துண்டைப் பிழிந்துவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். என்ன நினைத்தாரோ, அந்தச் சீன அம்மாள் இன்னும் இரண்டு கோப்பை ஜாதிக்காய்ச் சாறு கொண்டுவந்து வைத்தார்.

கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது. கடைக்கார அம்மாளே தெருவுக்கு ஓடி, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த ஊர் ரிக்‌ஷாவில் ஆட்கள் முன்னால் உட்கார, ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிக்கிறார். வண்டி முழுக்க பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூ, வண்ண விளக்கு, சத்தமாக ஒரு பாட்டு. பெரிய வீட்டு ஆச்சி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, பூக்களுக்கு நடுவே நனைந்தபடி போகிறீர்கள்.

"எதுலயாச்சும் மோதுனா மொதல்ல நாமதான் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்புச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான்.

துறைமுக வாசலில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். உங்கள் மகள் முகமெல்லாம் வீங்க அழுதிருந்தாள். "ரெண்டு பேரும் எங்கம்மா போனீக? பஸ்ஸெல்லாம் எப்பவோ வந்திருச்சு."

"ஒம் மாமியாளும் நானும் பேசிக்கிட்டிருந்தோம். நேரம் போனது தெரியல" என்றீர்கள், ஏதோ தினமும் நடப்பதைப் போல. அவள் உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நம் இருவர் தோளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கடைசியாகக் கப்பலேறியவர்கள் நாம்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் அந்த அட்சதை விஷயத்தை அவளிடம் நீங்களே சொன்னீர்கள்.

பேத்திக்குக் காது குத்து வந்தபோது, உங்கள் வீட்டில்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். கல்லலிலிருந்து வேன் பிடித்து வந்த எங்கள் சனம் தெருவிலேயே தயங்கி நின்றது. நீங்கள் வாசலுக்கு வந்து, உங்கள் பங்காளிகள் எல்லோரும் பார்க்க, "என்ன அங்குட்டே நிக்கிறீக? நம்ம வீடு, உள்ள வாங்க" என்று என் கையைப் பிடித்து அழைத்துப்போனீர்கள். அன்று என் மருமகள் நின்ற நிமிர்வை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து பிள்ளைகளை விட்டுவிட்டு நாம் இருவர் மட்டும் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். அதற்குள் போன ஆடியில் உங்கள் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. கொஞ்ச நாள் கப்பல் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு உங்கள் மகள்தான், "நீங்க போயிட்டு வாங்க அத்தை. அம்மாவுக்கு அதுதான் புடிக்கும்" என்று இருவருக்கு இடம் பதிந்து கொடுத்தாள். "கூட யாரக் கூட்டிக்கிட்டுப் போறீக?" என்று கேட்டாள்.

ஒக்கூரில் இருக்கும் உங்கள் தங்கையை உங்கள் காரியத்தின்போது பார்த்தேன். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். என் மகனிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்டவரிடம் நானும் பேசாமலே இருந்திருப்பேன். இப்போது என்னால் அது முடிவதில்லை. யார் முதலில் பேசுவது என்று காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை, நானே பேசிவிடுகிறேன். அந்த மழைக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

நேற்று அவருக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னேன். ஆச்சியும் நானும் போவதாக இருந்த ஊர், ஒரு இடம் இருக்கிறது, நீங்கள் வந்தால் எனக்குத் துணையாக இருக்கும் என்றேன். போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"எனக்குக் கடல்னா தலை சுத்துமே" என்றார்.

"மாத்திரை இருக்கு. நான் பக்கத்துலயே இருப்பேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், அச்சு அசல் உங்கள் குரலில் கேட்டார்: "என்னைக்கிக் கெளம்பணும் சம்பந்தி?"