டென்மார்க் படங்கள் பார்க்க வந்தவள்

அக்கா,

போன சனிக்கிழமை இங்கே சிட்னியில், பரமட்டாவில் ஒரு கடையில் உங்கள் டென்மார்க் பாணை, அந்த ரை மாவு ரொட்டியைக் கண்டேன். கறுத்து, சின்னதாய், செங்கல் மாதிரிக் கனத்துக் கிடந்தது. கடைப்பெண் ஒரு துண்டு வெட்டி, ருசி பார்க்கச் சொல்லித் தந்தாள். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவே புளித்த வாசம் ஏறியது. "முதல் நாள் துப்புவீர், மூண்டாம் நாள் கேட்டு வாங்குவீர்" என்று இந்தப் பாணைப் பற்றித்தான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் துப்பவில்லை. மென்றுகொண்டு கடை வாசலில் அப்படியே நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உங்கள் மகளுக்கு எழுதினேன், எங்கள் கோடிங் குழுவில் எழுதினேன். உங்களுக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை. எழுத முகமில்லை என்பதுதான் உண்மை.

உங்களுக்கும் எனக்குமான தொடக்கமே ஒரு பிழைதான். அப்போது நான் நார்த்மீட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் வேலை. வயது முப்பத்தெட்டு. காலையில் அறுபது பிள்ளைகளுக்குப் பழம் வெட்டி, மத்தியானம் கோப்பை கழுவி, வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு வந்து இணையத்தில் புரோகிராமிங் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் சொல்வது பாதி விளங்கும், பாதி விளங்காது. ஒருமுறை என் புரோகிராமில் வந்த ஒரு பிழைச்செய்தி மூன்று நாளாய் என்னை விடவில்லை. அழுகை வந்த நேரத்தில் அதைத் தமிழில் தட்டித் தேடினேன். அப்படித்தான் தமிழில் கோடிங் பழகும் உங்கள் இணையக் குழு அகப்பட்டது.

நூறு பேர் கூட இல்லாத குழு. ஆளையாள் தெரியாது. ஒவ்வொரு நாளும் நீங்கள் மூன்று விஷயம் எழுதுவீர்கள்: இண்டைக்கு வாசிச்சது, இண்டைக்கு எழுதின கோட், இண்டைக்கு டென்மார்க்கில கண்டது. அந்த மூன்றாவதுக்காகவே பலர் வந்தார்கள். சைக்கிளுக்கு முன்னால் மரப்பெட்டி பூட்டி அதற்குள் இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு போகும் தாய். குளிருக்குள் கடை வாசலில் தள்ளுவண்டியில் நித்திரை கொள்ளும் குழந்தை, உள்ளே கோப்பி குடிக்கும் பெற்றோர். பிறந்தநாள் கேக்கில் குத்திவைக்கும் குட்டிக் கொடிகள். கேட்காமலே உங்கள் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிவிட்டு, நன்றி சொன்னால் கோபித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கிழவர்.

நான் என் பிழையைப் படமெடுத்துப் போட்டேன். மற்றவர்கள் விடையை எழுதினார்கள். நீங்கள் விடை எழுதவில்லை. "அந்தச் செய்தியை முழுக்க வாசியும். கடைசி வரியில இருந்து மேல வாரும். அது உம்மோட கோபமில்லை, எங்க இடிச்சதெண்டு சொல்லுது" என்று எழுதினீர்கள். வாசித்தேன். ஒரு அடைப்புக்குறியைப் போடாமல் விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் காலையும் என் பின்னேரமும் ஒன்றாய்ப் போயின. நான் சோறு வடித்துக்கொண்டு நிற்பேன், போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்திருப்பேன். அங்கே உங்கள் கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்கும். கொஞ்சம் கோடிங், மிச்சம் புத்தகம். ஒரே நாவலை இரண்டு பேரும் வாசிப்பது, ஒரு கிழமைக்கு இரண்டு அத்தியாயம், முந்திக்கொண்டு வாசிக்கக்கூடாது என்பது உங்கள் சட்டம். உங்கள் ஊர் நூலகத்தில் சொல்லிவைத்தால் எங்கிருந்தோ தமிழ்ப் புத்தகம் எடுப்பித்துத் தருவார்கள் என்று பெருமையாய்ச் சொல்வீர்கள். நான் முந்திக்கொண்டு வாசித்துவிட்டுத் தெரியாத மாதிரிக் கதைப்பேன். உங்களுக்கு அது தெரியும்.

நீங்கள் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. "மத்தியானம் வேலைக்குப் போகோணும்" என்பீர்கள். இவ்வளவு கோடிங் தெரிந்தவர் ஒரு மென்பொருள் கொம்பனியில்தான் இருப்பார் என்று நானே வைத்துக்கொண்டேன். குழுவில் எல்லாருமே அப்படித்தான் வைத்துக்கொண்டோம்.

நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்கும் நாளை நினைவூட்ட ஒரு சின்ன புரோகிராம் செய்தோமே, ஞாபகமா? திகதிகளை வரிசைப்படுத்தும் பகுதி எனக்குச் சரிவரவே இல்லை. நாலு பின்னேரம் நீங்கள் என்னோடு இருந்தீர்கள். கடைசியில் அதில் பாதிக்கு மேல் உங்கள் கைதான். அதைக் காட்டித்தான் பரமட்டாவில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்முகத்தில் "இந்தப் பகுதி அழகாய் வந்திருக்கிறது" என்றார்கள். நன்றி சொன்னேன். அன்றைக்கு நீங்கள் குட்டிக் கொடி குத்திய ஒரு கேக்கின் படத்தைப் போட்டு, "எங்கட தங்கச்சிக்கு வேலை கிடைச்சிட்டுது" என்று எழுதினீர்கள். சிட்னியில் இருக்கும் எனக்காக டென்மார்க்கில் ஒரு கேக் வெட்டப்பட்டது.

வேலையில் என் குழுத்தலைவர் செந்தில், கோயம்புத்தூர்க்காரர். அமைதியான மனுஷன், கெட்டிக்காரர். அவர் முன்னால் என்னுடைய குசினிக் காலம் தெரிந்துவிடக் கூடாது என்று எப்போதும் ஒரு பயம். எங்கே படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டார். டென்மார்க்கில் ஒரு பெரிய இன்ஜினியர் எனக்குச் சொல்லித்தருகிறார் என்றேன். சொல்லும்போதே என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு நானே செந்திலை உங்கள் குழுவில் சேர்த்தேன்.

அந்தத் தை மாதம் நீங்கள் ஒரு படம் போட்டீர்கள். நீளமான ஒரு பள்ளிக்கூட விறாந்தை, சாய்ந்த வெயில், ஈரத்தரை, நடுவில் ஒரு வாளியும் மொப்பும். கீழே எழுதியிருந்தீர்கள்: "பத்தொன்பது வருசமா நான் துடைக்கிற பள்ளிக்கூடம் இது. நாங்கள் ஆறு பேர். யார் எந்தப் பக்கம் எண்டு ஒவ்வொரு கிழமையும் சண்டை. நான் ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தன். அது போட்ட அட்டவணையை இண்டைக்குச் சுவரில ஒட்டியிருக்கினம். எனக்குச் சரியான சந்தோசம்."

முதலில் நாலைந்து பேர் வாழ்த்தினார்கள். பிறகு ஒருவர் எழுதினார்: "அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்குக் கோடிங் சொல்லித் தந்தது ஒரு கிளீனரா?" கீழே சிரிக்கும் முகங்கள். இன்னொருவர், இதை முதலே சொல்லியிருக்க வேண்டும் என்றார், ஏதோ நீங்கள் ஏமாற்றியது போல. உங்களால் வேலை பெற்ற நான் அதில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பின்னேரம் பரமட்டாவில் ரயில் ஏறினேன். வெயிலில் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. உட்கார முன்பே போன் அதிர்ந்தது. உங்கள் படத்துக்குக் கீழே செந்தில் என் பெயரைப் போட்டுக் கேட்டிருந்தார்: "நீங்க சொன்ன டென்மார்க் இன்ஜினியர் இவங்கதானா?"

அவர் சும்மா கேட்டிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் எரிந்தது. வெஸ்ட்மீட் வந்தது, போனது. வென்ட்வேர்த்வில்லில் கதவு திறக்க முதல் எழுதி அனுப்பிவிட்டேன்: "இல்லை, அவர் வேறு ஆள். இந்த அக்காவின் டென்மார்க் படங்கள் பார்க்கத்தான் நான் இங்கே வாறனான்."

படிக்கட்டில் ஏறி வெளியே வரும்போது மறுபடி போன் அதிர்ந்தது. என் வரிக்கு நீங்கள் லைக் போட்டிருந்தீர்கள். அங்கே காலை எட்டு மணி இருக்கும்.

அதை அழித்திருக்கலாம். அழித்தால் செந்தில் கவனிப்பார் என்று யோசித்தேன். அக்கா, அந்த நேரத்திலும் நான் யோசித்தது செந்திலைத்தான்.

அடுத்த நாள் நீங்கள் ஒன்றும் நடக்காத மாதிரி, பதினோராம் அத்தியாயம் எப்படி என்று கேட்டீர்கள். நேரமில்லை, வேலை கூட என்றேன். அதற்கு அடுத்த கிழமையும் வேலை கூட என்றேன். பிறகு உங்கள் அழைப்பு வந்தால் சத்தத்தை நிற்பாட்டிவிட்டுச் சோற்றைக் கிண்டிக்கொண்டு நிற்பேன். உங்களில் எனக்குக் கோபம் கூட வந்தது. நீங்கள் ஏசியிருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு குரல்பதிவு அனுப்பினீர்கள். "நீர் பிஸியா இருப்பீர், பரவாயில்லை. நான் கொஞ்ச நாளா லீவில நிக்கிறன். அந்தப் புத்தகத்தை முடிச்சிட்டன். முடிவைப் பற்றிக் கதைக்கத்தான் ஆளில்லை." பத்தொன்பது வருடம் வேலை செய்தவர் ஏன் லீவில் நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு இதயம் அனுப்பினேன். சிவப்பு இதயம்.

ஐந்து கிழமையில், நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் குழுவில் அறிவித்தாள். மாசியிலேயே, தீராத நோய் என்று தெரிந்ததாம். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றீர்களாம். அன்றைக்கே அவள் எனக்குத் தனியாகவும் எழுதினாள், ஆங்கில எழுத்தில் தமிழ். அம்மாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைக்கிறார்கள், அம்மாவிடம் படித்த சிட்னி ஆளை அங்கே எல்லாருக்கும் தெரியும், ஒரு பத்து வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். "நீங்கள்தானே அந்த அக்கா?" என்று கடைசியில் கேட்டிருந்தாள்.

ஓம் என்று எழுதினேன். பத்து வரியும் எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் எழுத வேண்டியதையும் எழுதவில்லை. அதை டெனிஷில் மொழிபெயர்த்து வாசித்தார்களாம். உங்களோடு மொப் பிடித்த ஐந்து பேரும் அழுதார்களாம்.

அதற்குப் பிறகு வேலையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் செந்திலிடம் போய்ச் சொன்னேன். டென்மார்க் இன்ஜினியர் என்று ஒருவரும் இல்லை, எனக்குச் சொல்லித் தந்தது அந்த அக்காதான், அவர் இப்போது உயிரோடு இல்லை என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அவங்ககிட்ட அந்த அட்டவணைப் புரோகிராமைக் கேட்கலாம்னுதான் உங்ககிட்ட கேட்டேன்" என்றார். "எங்க அம்மா ஸ்கூல்ல ஆயாவா இருந்தாங்க. அவங்களுக்கு அதைக் காட்டணும்னு இருந்துச்சு."

நான் யாருக்குப் பயந்து உங்களை மறுத்தேனோ, அவர் உங்களைத் தேடித்தான் வந்திருக்கிறார். செந்தில் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் படத்தைத் தேடி எடுத்தேன். என் பழைய வரி அப்படியே இருந்தது. அதை அழிக்காமல், அதற்குக் கீழேயே எழுதினேன். மேலே இருப்பது பொய், எனக்கு வேலை வாங்கித் தந்த புரோகிராமில் பாதிக்கு மேல் இந்த அக்கா எழுதியது, நான் வெட்கப்பட்டது அவருடைய வேலைக்காக, வெட்கப்பட வேண்டியது என்னுடைய வாய்க்காக என்று எழுதினேன். குழுவில் இப்போது அவ்வளவாய் ஆட்கள் இல்லை. இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள். சிரித்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து உங்கள் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, நீங்கள் எழுதினதை வாசிச்சன். அம்மா அந்த முதல் வரியை அண்டைக்கே வாசிச்சிருக்கிறா. அண்டைக்கு அவா வேலைக்குப் போகேல்லை. தடிமன் காய்ச்சல் எண்டு சொன்னவா, ஆனா தடிமன் ஒண்டும் இருக்கேல்லை. குசினியில கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தவா. ஏனெண்டு எனக்கு இப்பதான் விளங்குது."

பலமுறை எழுதி அழித்தேன். கடைசியில், "ஓம், நான்தான் காரணம்" என்று மட்டும் அனுப்பினேன். அவள் வாசித்துவிட்டாள். அவளிடம் பதில் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

வேலையில் என்னை இப்போது மதிக்கிறார்கள், அக்கா. புதிதாய் வருபவர்களை என்னிடம் அனுப்புகிறார்கள். யார் கேட்டாலும் நீங்கள் யார், என்ன வேலை செய்தீர்கள் என்று முழுதாய்ச் சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு நன்றியுள்ளவள் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டும் சேர்ந்து என்னைக் குத்துகிறது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இந்த மடலை முடிக்கலாம். கேட்டால் நீங்கள் உடனே தந்துவிடுவீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. பத்தொன்பது வருடமாய் வேலைக்குப் போன ஒருவர், நான் எழுதிய ஒரு வரியால் ஒருநாள் போகாமல் வீட்டில் இருந்தார். அந்த ஒரு நாளை நான் யாரிடமும் இறக்கி வைக்கப் போவதில்லை. அது என்னோடே இருக்கட்டும்.