பனியில் தெளித்த வாசல்

அண்ணா,

நம் கோயிலுக்கு முன்னால் சிமெண்ட் தரை போடுகிறார்கள். இன்று காலை கொத்தனார் கலவையைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பச்சை சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியது. பள்ளிக்கூடம் போகிறவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னா பாப்பா, கால உட்டுக் கோலம் போடலாம்னு பாக்கறியா? ஓடு, ஓடு" என்று விரட்டினார். ஊரில் என் பேர் அப்படி. ஆனால் நான் கால் வைக்கவில்லை. "உருகற தண்ணி ஓடறதுக்கு வாட்டம் உட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இங்க எது உருகுது?" என்றார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

சரிவை வாட்டம் என்று சொல்லக் கற்றுக்கொண்டது உன் கடிதத்தில்தான். நீ கனடாவுக்குப் போன நாளிலிருந்து பெரியம்மாவுக்குக் கையும் கண்ணும் நான். அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். நீ எழுதியதை வாசித்துக் காட்டுவேன். பெற்றவளுக்கும் மகனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சித்தி மகள் யோக்கியமாகவா இருப்பாள்? ஏர்மெயில் தாளின் அடியில் எப்போதும் இரண்டு விரல் இடம் மிச்சமிருக்கும். அதை வீணாக்க எனக்கு மனசு வராது. "உனக்குப் பொண்ணு பாத்தாச்சு. நெறம் கொஞ்சம் கம்மி, மீச கொஞ்சம் ஜாஸ்தி" என்று ஒரு தடவை எழுதினேன். "கடைசி வரி எந்தக் கொரங்கு எழுதுனதுன்னு தெரியுது. அந்தக் கொரங்கு கணக்குல எத்தன மார்க்கு?" என்று திருப்பி அடித்தாய். எத்தனை தடவை எழுதினாலும் கண்டுபிடித்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை உன்னை ஏமாற்றிவிட வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அதற்குத் தோதாக நீ வீடு வாங்கினாய். சின்ன வீடு. தெருவிலிருந்து கார் ஏறி வர ஒரு பாதை, அது முடியும் இடத்தில் மூன்று படி, அப்புறம் கதவு. பனிக்காலத்தில் விடிந்ததும் முழங்கால் முட்டும் பனியை வாரித் தள்ளினால்தான் தெருவுக்குப் போக முடியும் என்று எழுதியிருந்தாய். "பனியை வாருவதே உன் பணியாகிப்போனதே, இதற்கா அத்தனை தூரம் போனாய்?" என்று அப்போதே என் பேரில் ஒரு வரி எழுதினேன். அது போதவில்லை.

அன்றைக்குப் பெரியம்மா வழக்கமானதெல்லாம் சொன்னாள். பசு கன்று போட்டது, பென்னாகரம் சந்தையில் பார்த்த உன் சிநேகிதன் உன்னைக் கேட்டது. சொல்லி முடித்துவிட்டு மாடு கட்டப் போனாள். இரண்டு விரல் இடம் மிச்சம். இந்தத் தடவை நான் என்னைப்போல எழுதவில்லை, அவளைப்போல எழுதினேன். "கண்ணு, ஊடு வாங்கினியே, காலங்காத்தால வாசல் தெளிக்கறியா? பொம்பள இல்லாத ஊடுதானன்னு உட்டுறாத. தெளிக்காத வாசல்ல நீ நடக்கறன்னு நெனச்சா எனக்கு சோறு எறங்கல." கொட்டும் பனியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நீ நிற்பதை நினைத்து, தாளை ஒட்டும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு மாசம் கழித்து உன் பதில் வந்தது. "அம்மா, நீ சொன்ன மாதிரியே தெளிச்சன். தண்ணி தரையில உழுந்து நான் நிமிரறதுக்குள்ள கண்ணாடி ஆயிடுச்சு. தபால்காரரு வந்தாரு. கையிலிருந்த கடுதாசியெல்லாம் பறக்க மல்லாக்க உழுந்தாரு."

ஜெயித்துவிட்டேன். விக்கல் வரும்வரை சிரித்தேன். பெரியம்மாவுக்கு வாசிக்கும்போது தெளித்ததை விழுங்கிவிட்டு, தபால்காரரைப் பனியில் வழுக்கி விழ வைத்தேன். "அய்யோ பாவம், இடுப்புக்கு எண்ண தேச்சு உடச் சொல்லு" என்றாள் அவள். அதற்கும் சிரித்தேன். அன்றைக்கே உட்கார்ந்து, அந்த வரி என்னுடையது அண்ணா என்று எழுதியிருக்கலாம். ஜெயித்த ருசியை இன்னும் கொஞ்ச நாள் வாயில் வைத்திருக்க ஆசைப்பட்டேன்.

அடுத்த கடிதத்தில் நீ பாதையைத் தோண்ட ஆரம்பித்திருந்தாய்.

வெயில் காலம் முழுக்க அந்த வேலைதான். பழைய தரையைப் பெயர்த்து, ஜல்லி கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, கம்பி வலை விரித்து, அதன்மேல் சூடேறும் மின்கம்பியை நீயே கட்டினாய். இங்கே கரண்ட் கம்பத்தில் ஏறிய கை அல்லவா, ஆள் வைக்கவில்லை. "நம்ம காட்டுல ஏர் ஓட்டற மாதிரிதாம்மா. கடைசி வரைக்கும் போயி, திரும்பி, பக்கத்துல வரணும். ஒரு சாலு மேல இன்னொரு சாலு ஏறக் கூடாது. ஏறுனா அங்க சூடு கூடி கம்பி எரிஞ்சு போவும். அதுக்கு மேல கான்கிரீட்டு. அது நல்லா இறுகற வரைக்கும் சுவிட்ச தொடக் கூடாது. உருகற தண்ணி தேங்காம ஓட வாட்டம் உட்டிருக்கறன்." கூடவே ஒரு போட்டோ. பனியன் போட்டுக்கொண்டு, முட்டி போட்டு, கையில் குறடோடு நீ நிமிர்ந்து பார்க்கிறாய். உனக்குப் பின்னால் வளைந்து வளைந்து போகிறது அந்தக் கம்பி.

பெரியம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "தரைக்கு ஜொரம் வர வெக்கறானா இவன்? எதுக்குடி இத்தினி பாடு?"

"காரு வழுக்குதாம், பெரியம்மா."

கடிதத்தில் நீ எழுதியிருந்த காரணம் வேறு. "நீ கேட்ட வாசல நான் தெளிக்கணுமில்ல." அதை நான் வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லவும் என்னால் முடியவில்லை. வாசலையே பெயர்த்துப் போட்டுவிட்ட மனுஷனிடம் அது விளையாட்டு என்று எந்த வாயால் சொல்வது? எந்த வாயாடிக்கும் அந்த வாய் கிடையாது.

முதல் பனி விழுந்த அன்று நீ சுவிட்சைப் போட்டாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் காபிக் கோப்பையோடு வந்து வேடிக்கை பார்த்தார்களாம். "தெருவே வெள்ளச் சீல கட்டிட்டு நிக்குது. நம்ம வாசல் மட்டும் கருப்பா, ஈரமா, நம்மூரு வாசலாட்டம் கெடக்குதும்மா. வாளி எடுத்தாந்து தெளிச்சன். ஆவி வந்துச்சு. உறையல." இதை வாசிக்கும்போது எனக்குப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. இனி யாரும் வழுக்கி விழப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாசம் தந்தி வந்தது. விழுந்தாய், தலையில் அடி, ஆஸ்பத்திரியில் இறந்தாய். வேறெதுவும் அதில் இல்லை. உன்னை அங்கேயே அடக்கம் செய்தார்கள். இங்கே வெறும் போட்டோவை வைத்து அழுதோம்.

ஆறாம் நாள் பள்ளிக்கூட வாசலில் தபால்காரர் என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். உன் கையெழுத்து. நீ விழுவதற்கு முன்னால் போட்டது. உயிரோடிருக்கிறவனைப்போல அதில் நலம் விசாரித்திருந்தாய். புளியமரத்தடியில் நின்று படித்தேன்; படித்துவிட்டு பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். அடுத்த வாரம் உன்னோடு வேலை பார்த்த தமிழ் நண்பர் எழுதியிருந்தார். சனம் நிறைந்த வீட்டில் அதை வாசித்தேன். நடுவில் ஒரு வரியில் என் நாக்கு நின்றது. "படிக்குக் கீழே அவர் கிடந்த இடத்தில் ஒரு பித்தளைச் சொம்பு கிடந்தது. அந்தக் குளிரில் விடியற்காலையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை." அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன். விளங்கிய ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான்.

அதன் பிறகு தரையில் தண்ணீர் கொட்டினால் எனக்கு அது ஓரத்திலிருந்து வெளுத்து உறைந்துகொண்டு வருவதுபோலத் தெரியும். சித்திரை வெயிலில்கூட. கடிதம் எழுதச் சொல்லி வருகிறவர்கள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். மிச்ச இடத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். "குட்டிக்கு என்னா ஆச்சு, ஊமையாயிட்டா" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அண்ணன் கடுதாசி ஒன்னு இருக்குதுங்க. நான் படிச்சுக் காட்டல."

முறம் நின்றது. "எப்ப வந்துச்சு?"

"தந்தி வந்து ஆறாம் நாளு."

"படி. ஒரு எழுத்து உடாத."

படித்தேன். "அம்மா, படிக்கு மட்டும் இன்னும் கம்பி போடல. வர்ற வெயில் காலத்துல போட்டுருவன். அதுக்காவ படிய உட்டுட்டு வாசல மட்டும் தெளிச்சா, மூஞ்சி கழுவிட்டு வாய் கொப்பளிக்காத மாதிரி இருக்குது. அதனால படியிலயும் ஒரு கை தெளிச்சு, உப்பு போட்டு உடறன். நீ சொன்ன மாதிரியே, சுவிட்ச போட்ட நாள்லேருந்து ஒரு நாளும் தவறலம்மா."

"நான் எப்ப சொன்னன்டி?"

"நீங்க சொல்லல. நான் எழுதுனன். வெளாட்டுக்கு."

நண்பரின் கடிதத்தில் விட்ட வரியையும் படித்தேன். சொம்பு என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை.

"நான் பேசற மாதிரியேவா எழுதுன?"

"ஆமாங்க."

"என்னான்னு எழுதுன? சொல்லு."

சொன்னேன். வாசல், பொம்பள இல்லாத ஊடு, இறங்காத சோறு, எல்லாம். ஒரு சொல் மறந்திருக்கவில்லை. அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"நான் சொல்லியிருந்தாலும் இப்பிடித்தான் சொல்லியிருப்பன்" என்றாள். பிறகு ராகியைப் புடைக்க ஆரம்பித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் கேட்கவில்லை, அண்ணா.

மறுநாள் விடிகாலையில் எங்கள் கதவு தட்டப்பட்டது. பெரியம்மா சாணி கரைத்த வாளியோடு நின்றாள். "இனிமே என் வாசல நீ தெளி" என்று வாளியை என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் நான்தான் தெளிக்கிறேன். நான் தெளித்து முடிக்கும்வரை நிலைப்படியில் நின்று பார்ப்பாள். பிறகு இறங்கி, எதையும் பிடிக்காமல், வெறுங்காலோடு அந்த ஈரத்தின்மேல் மெதுவாக நடந்து தெருவரைக்கும் போவாள். அவள் இரண்டு காலும் தெருமண்ணில் பதியும்வரை நான் காலி வாளியோடு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.