கதவைச் சாத்திப் போட்ட ரோஜா

மைனி,

முந்தாநாள் பேரனுக்குப் பிறந்தநாள். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலிருந்து என் மகன் கேக் வாங்கிவந்தான். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் வெண்ணெயும் வெனிலாவும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. மேலே ஒரே ஒரு பெரிய ரோஜா. மெழுகுவத்தி எங்கே, கத்தி எங்கே என்று எல்லாரும் பரபரக்க, நான் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டேன்.

"என்ன அத்தை செக் பண்றீங்க? பல்லி கில்லி கிடக்கா?" என்றாள் மருமகள்.

பல்லியைத் தேடவில்லை. இதழ்கள் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகின்றன என்று பார்த்தேன். அறுபது வருடமாக எந்தக் கேக்கைக் கண்டாலும் எனக்கு முதல் வேலை அதுதான். எல்லா ரோஜாவும் கடிகார முள் போகிற பக்கமாகவே போகும். இது எதிர்ப்பக்கம் போனது. அப்படியே உங்கள் ரோஜா.

உங்களுக்கு எழுதிப் பிரயோசனம் இல்லை என்று தெரியும். போன மழைக்காலத்தில்தானே உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்தோம். ஆனாலும் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, மைனி.

என் சந்தேகப் புத்தி உங்களுக்குத் தெரியாததா? பால்காரன் அளந்து ஊற்றியதை நான் திரும்பவும் அளப்பேன். கல்யாணமான புதிதில், இவர் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்தால் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். தாராவியில் நம் சாலில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினாறு வீடு. எந்த வீட்டில் ஒரு கிண்ணம் காணாமல் போனாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். 'கிரேஸ் கண்ணுல மண்ணத் தூவ முடியாது' என்று பேர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நீங்கள் காட்கோபரிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியேறினீர்கள். உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றதால் நீங்கள் மைனி ஆனீர்கள். வந்த அன்றே உங்கள் இடது புறங்கையில் ஒரு பழைய சூட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டேன். "சின்னதுல வெளக்குச் சூடு பட்டுட்டு" என்றீர்கள். விளக்குச் சூடு அப்படிக் கம்பியால் கோடு இழுத்த மாதிரியா படும்? நம்பவில்லை. மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சாலில் எல்லாரும் கேக் மாவைத் தகரத்தில் ஊற்றி, பாவ் ரொட்டி சுடும் பட்டி அடுப்புக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவந்தோம். நீங்கள் மட்டும் அதன் மேல் வெண்ணெய் க்ரீமில் ஐந்து ரோஜா வைத்திருந்தீர்கள். சாலே வாயைப் பிளந்தது. நான் பிளக்கவில்லை. நானும் ஐசிங் படித்தவள். மாட்டுங்காவில் ஒரு டீச்சரம்மாவிடம் ஆறு சனிக்கிழமை போய் வந்திருக்கிறேன். என் ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி வரும். அதனால் உங்கள் ரோஜாவை ரசிக்க எனக்கு மனசு வரவில்லை, துருவித் துருவிப் பார்த்தேன்.

அப்போதிருந்துதான் உங்கள் கதவு என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. பூ போடும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவீர்கள். பின்பக்க ஜன்னலில் கோதுமைச் சாக்கைத் தொங்கவிட்டுவிடுவீர்கள். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து விறுவிறுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வருவீர்கள். ஏன் என்று கேட்டால், "காத்து பட்டா இளகிரும்ட்டி" என்பீர்கள். அந்த வெக்கைக்கு இளகாத க்ரீம் காற்றுக்கா இளகும்?

அப்புறம் நம் சாலில் எஸ்தர் அக்கா மகள் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு செம்பூர், ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். சர்ச்சில் கல்யாணம் முடிந்ததும் மூன்றடுக்குக் கேக் வெட்ட வேண்டும் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். அடுக்குக்கு அடுக்கு ரோஜா. எஸ்தர் அக்கா உங்களைத்தான் நம்பினார்.

சீனிக்கு ரேஷன் இருந்த காலம் அது. பதினாறு வீடும் தங்கள் சீனியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தோம். இரண்டு வாரம் நான் வெல்லம் போட்டுக் காப்பி குடித்தேன். அத்தனை சீனியும் உங்கள் வீட்டுத் தகர டின்னுக்குள் போனது. கதவு சாத்திக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது. இந்த மைனி எங்கே பூ போடுகிறார்? பட்டியில் ஒரு மாஸ்டர் இருக்கிறான், அவனிடம் சீனியில் பாதியைக் கொடுத்துவிட்டு, அவன் போட்டுத் தருகிற பூவை மூடி எடுத்து வருகிறார். இதுதான் என் தீர்மானம். நீங்கள் கூடையோடு பட்டிக்குப் போகும் நேரத்தையெல்லாம் கவனித்தேன்.

நிச்சயதார்த்தப் பந்தியில் நடந்ததும் நினைவிருக்கும். பரிமாறின பிள்ளைக்கு வலது கையில் சாம்பார் வாளி. அவசரத்தில் இடது கையால் அப்பளத்தை எடுத்துச் சம்பந்தியம்மா இலையில் வைத்துவிட்டாள். அந்த அம்மா அப்படியே இலையை மடித்தார்.

"பீச்சாங்கையால வச்சத எங்க வீட்டுல நாய் கூடத் திங்காது" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார்.

எஸ்தர் அக்கா காலில் விழாத குறையாகக் கெஞ்சி மறுபடி உட்கார வைத்தார். நீங்கள் என் பக்கத்தில் இருந்தீர்கள். சோற்றைப் பிசைந்த கை நின்றுபோய் முகம் வெளுத்துவிட்டது. அதையும் நான் பார்த்தேன். சீனித் திருட்டு வெளிவந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். பாருங்கள் என் மூளையை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் உங்களைப் பிடித்தேன். மாதிரிக்கு ஒரு ரோஜா போட்டு எஸ்தர் அக்காவிடம் கொடுத்திருந்தீர்கள். எல்லாப் பெண்களும் குழாயடியில் கூடியிருந்தபோது, "எங்க முன்னால ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன் மைனி, நாங்களும் பாக்கோம்" என்றேன். எத்தனை சாக்குச் சொல்லியும் நான் விடவில்லை. கடைசியில் பூ போடுகிற உங்கள் ஆணியை எடுத்து வந்தீர்கள். பெரிய ஆணி, அதன் தலையில் சோடா மூடியைப் பற்றவைத்தது. மூடி மேல் எண்ணெய்க் காகிதத்தை ஒட்டி, இடது கையில் ஆணியை உருட்டிக்கொண்டு, வலது கையால் க்ரீம் நிரப்பிய காகிதக் கூம்பை அழுத்தினீர்கள். டீச்சரம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே முறை. வந்தது என்னுடையதைவிடக் கேவலமான முட்டைக்கோஸ்.

"இன்னைக்கு க்ரீம் சரியில்ல" என்றீர்கள்.

நான் இரண்டு பூவையும் இரண்டு தட்டில் வைத்துக் காட்டினேன். "இதுல இதழு இந்தப் பக்கமாச் சுத்துது. அதுல நேர் எதிராச் சுத்துது. ரெண்டையும் ஒரே ஆளு போட்டிருக்க முடியாது. அந்த நல்ல பூவ பட்டியில யாரோ போட்டுக் குடுத்திருக்கான். அப்ப நம்ம சீனி எங்க போச்சு?"

எஸ்தர் அக்கா கண் கலங்கி, "கதவத் தெறந்து வச்சி எங்க முன்னால போட்டிரு பிள்ள. நான் யார் வாயையும் அடச்சிருதேன்" என்றார்.

"தெறந்து வச்சி என்னால போட முடியாதுக்கா" என்றீர்கள். உள்ளே போய்ச் சீனி டின்னைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தீர்கள். "நீயே வச்சிக்கோட்டி." அவ்வளவுதான். டின் கனமாக இருந்தது. நான் அதையும் குலுக்கிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து உங்களிடம் யாரும் பேசவில்லை. தண்ணீர் பிடிக்க நீங்கள் வந்தால் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். மறுநாள் மதியம் என் முறை. குழாய் உங்கள் பின் ஜன்னலுக்கு நேர் எதிரே. எப்போதும் தொங்கும் சாக்கு ஒரு சாண் விலகியிருந்தது. திறந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற பெண்ணா நான்?

தாம்பாளத்தில் ஐஸ் கட்டி, அதன்மேல் தட்டு, தட்டில் வரிசையாக ரோஜா. ஆணி உங்கள் வலது கையில் இருந்தது. கூம்பு இடது கையில். தழும்பு ஏறிய அந்தக் கை ஒரு அழுத்து அழுத்தியது, ஓர் இதழ் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. என் குடம் நிறைந்து வழிந்து காலை நனைத்தது.

இடது கை என்று எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை? உலகத்தில் உள்ள எல்லாத் திருட்டும் தோன்றியது, இது மட்டும் தோன்றவில்லை. திங்கிற பண்டத்தை அந்தக் கையால் ஒருத்தர் தொடுவார் என்பது என் சந்தேகத்துக்கே எட்டாத இடத்தில் இருந்திருக்கிறது. தழும்பு விளக்குச் சூடு இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்தக் கையை நிறுத்துவதற்காக உங்கள் வீட்டில் யாரோ வைத்த சூடு. நான் அந்தச் சூட்டின் மேல் இன்னொன்று வைத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது, மைனி. இதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் திருட்டுப் பட்டம் போய்விடும், ஆனால் கேக்கும் போய்விடும். செம்பூர்க்காரம்மா காதில் விழுந்தால் கல்யாணமே என்னாகுமோ. சொல்லாவிட்டால் நீங்கள் சாகும்வரை சீனித் திருடி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்குப் போனேன். இரண்டு பூவையும் அங்கே சாட்சிக்கு மூடி வைத்திருந்தேன். நல்ல பூவை எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன். அப்புறம் எஸ்தர் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எக்கா, நான் சொன்னது பொய். இப்ப என் ரெண்டு கண்ணால பாத்துட்டு வாறேன். மைனிதான் போடுதாவ. ஒரு மணி சீனி கூடப் போவல."

"பெறவு ரெண்டு பூவும் எப்படிட்டி ரெண்டு பக்கம் சுத்திச்சு?"

"ஒரு தட்ட நான் தலமாத்திப் பிடிச்சிட்டேன்."

தட்டை எப்படித் திருப்பினாலும் பூ சுற்றுகிற பக்கம் மாறாது. இது யாருக்குமே தோன்றவில்லை. "எங்க அந்தத் தட்டு, கொண்டா" என்றார்கள் கூடிவிட்ட பெண்கள். பூவைத் தின்றுவிட்டேன் என்றேன். சால் முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு நான் எதைப் பற்றிச் சந்தேகம் சொன்னாலும், "முதல்ல தட்ட நேராப் பிடி கிரேஸ்" என்பார்கள். எங்கள் வீட்டுக் கோழியை யார் பிடித்தார்கள் என்று சரியாகக் கண்டுபிடித்தும் ஒருத்தரும் நம்பவில்லை. அதோடு என் பேர் போனது.

சீனி டின்னை நானே தூக்கிவந்து உங்கள் வாசலில் வைத்தேன். "கதவச் சாத்திக்கோங்க மைனி, காத்து பட்டா இளகிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்ச மூன்று நாளும் உங்கள் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்தேன். ஒருத்தரையும் அண்டவிடவில்லை.

கல்யாணத்தன்று சம்பந்தியம்மா மூன்றடுக்கையும் சுற்றிச் சுற்றி வந்தார். "இது யாரு கைவேல?" என்று கேட்டார். எஸ்தர் அக்கா உங்களை முன்னால் தள்ளினார். அந்த அம்மா உங்கள் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்தக் கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் மோர் குடிக்கப் போய்விட்டேன்.

அதன்பிறகு இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தோம். ஒரு நாளும் இதைப் பேசவில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, இன்றுவரை தீரவில்லை. என் தண்ணீர் முறை எப்போது என்று உங்களுக்குத் தெரியும். எத்தனையோ மாதம் விலகாத சாக்கு அன்றைக்கு மட்டும், அந்த நேரத்தில் மட்டும் எப்படி விலகியது? ஒளித்துப் போடுகிற நீங்கள் ஜன்னலைப் பார்த்து ஏன் உட்கார்ந்தீர்கள்? கேக் வேலை கையைவிட்டுப் போன மறுநாள் யாருக்காக ரோஜா போட்டீர்கள்? நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள், மைனி. பதினாறு வீட்டில் ஒருத்தி நிச்சயம் எட்டிப் பார்ப்பாள் என்று தெரிந்து, உங்களைத் திருடி என்ற அந்த ஒருத்தியிடமே ரகசியத்தைக் கொடுத்தீர்கள். நான் என்ன செய்வேன் என்று எப்படி நம்பினீர்கள்? எனக்கே என்மேல் அந்த நம்பிக்கை இல்லை.

பெட்டியில் உங்களைக் கிடத்தியிருந்தபோது கைகளை மார்பில் சேர்த்து வைத்திருந்தார்கள். வலது கை மேலே, இடது கை அடியில், தழும்பு தெரியாமல். பூவைச் சரிசெய்கிற சாக்கில் மாற்றி வைத்துவிடலாம் என்று பக்கத்தில் போனேன். சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே மூடிவிட்டார்கள். அந்த நினைப்பு இந்த ஒரு வருடமாக என்னைத் தூங்கவிடவில்லை.

முந்தாநாள் கேக்கை வெட்டுவதற்கு முன்னால் ரோஜாவைத் தனியே எடுத்து ஒரு தட்டில் வைக்கச் சொன்னேன். பேரன் கேட்டும் கொடுக்கவில்லை. டாக்டர் எனக்கு இனிப்பே தொடக் கூடாது என்றிருக்கிறார், மருமகள் அதற்குக் காவல். அவள் கேக்கைத் தட்டுத் தட்டாக எல்லாருக்கும் கொண்டுபோனாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். அந்த ரோஜாவை இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.