இரண்டு கணினிகளுக்கு மட்டும்

ஜூன் 3

அன்புள்ள சுண்டு,

நான்கு முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். எழுதினால் பதில் போடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

என் பழைய கணினி மேல் காபி கவிழ்ந்தது. கவிழ்த்தது நான்தான். புதியது வாங்கியாயிற்று. ஆனால் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய இசைக்குறிப்பு மென்பொருள் இதில் ஏற மாட்டேன் என்கிறது. எண்பத்தேழு சதவீதம் வரை ஒழுங்காகப் போகிறது. அப்புறம் 'எதிர்பாராத பிழை' என்று ஒரு பெட்டி. ஒன்பது முறை முயன்றாயிற்று. ஒன்பதாவது முறையும் எதிர்பாராதது என்று சொல்ல அதற்குக் கூச்சமே இல்லை.

நாம் நான்கு குரல்களுக்கு எழுதிய பாட்டைப் பாடகர் குழு எடுத்துக்கொண்டிருக்கிறது. பதினேழாம் தேதிக்குள் அச்சிட்ட தாள்கள் வராவிட்டால் வேறு பாட்டுக்குப் போய்விடுவேன் என்று குழுவை நடத்துபவர் சொல்லிவிட்டார். கோப்பு பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. கையால் எழுதித் தரட்டுமா என்றேன். "உங்க கையெழுத்தைப் பாத்துப் பாடினா ஆளுக்கொரு பாட்டு பாடுவாங்கம்மா" என்றார்.

இசையை விட்டுவிட்டேன் என்று நீ ஊர் மாறிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாம் சேர்ந்து எழுதியதில் வெளியே போகப்போவது இது ஒன்றுதான். என்ன செய்யட்டும், சொல்.

உன் புரொபசர்

ஜூன் 5

புரொபசரம்மா,

போன் எடுக்காததுக்குத் திட்டு, வாங்கிக்கிறேன். இந்த ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம்ல உக்காந்தா தலை நிமிர நேரமில்லை.

சொல்றதை வரிசையா செய். வைரஸ் தடுப்பை அணை. நிறுவற கோப்பு மேல வலது கிளிக் பண்ணி, 'நிர்வாகியாக இயக்கு'ன்னு கொடு. அப்படியும் ஆகலேன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா இறக்கு. நீ பொறுமையில்லாம நடுவுல எதையாவது அமுக்கியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா.

உரிமத்தைப் பத்திக் கவலைப்படாதே. ரெண்டு கணினிக்குத்தான் செல்லும், ஆனா என்னோடதுல அதை எப்பவோ எடுத்துட்டேன். எனக்கெதுக்கு இனிமே. பாட்டை எடுத்துக்கிட்டதுல சந்தோஷம். என் பேரைப் போடணும்னு இல்லை.

சுண்டு

ஜூன் 9

சுண்டு,

நடுவில் எதையும் அமுக்கவில்லை. நீ சொன்னதை வரிசை பிசகாமல் செய்தேன். பிழை அசையவில்லை. மென்பொருள்காரர்களின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து, 'கணினியை அணைத்துப் போட்டுப் பாருங்கள்' என்று பதில் வந்தது.

கடைசியில் நானே கண்டுபிடித்தேன். புதுக் கணினியைத் திறந்த அன்று அது என் பெயரைக் கேட்டது. நீ எனக்கு வைத்த 'புரொபசர்' என்ற பெயரை ஆசையாகத் தமிழில் கொடுத்தேன். அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறை உண்டாகிவிட்டது. தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் மென்பொருள் ஒவ்வொரு முறையும் அதன் வாசலில் முட்டிக்கொண்டு விழுந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் வேறு கணக்குத் தொடங்கினேன். ஏறிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

திறந்தால், 'இந்த உரிமம் ஏற்கெனவே இரண்டு கணினிகளில் உள்ளது' என்கிறது. ஒன்று காபி குடித்த என் பழையது. அதை அவர்கள் நீக்கித் தர ஒரு மாதம் ஆகுமாம். இன்னொன்று உன்னுடையது. பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறது. கடைசியாகத் திறந்தது ஜூன் ஏழு. எப்பவோ எடுத்துவிட்டேன் என்று எனக்கு எழுதி இரண்டு நாள் கழித்து.

வேறு யாராவது உன் கணினியைத் தொட்டார்களா? அப்படியென்றால் அப்படியே எழுது. நம்பிக்கொள்கிறேன்.

புரொபசர்

ஜூன் 11

புரொபசர்,

வேற யாரும் தொடலை. நான்தான்.

இசையை விட்டுட்டேன்னு சொன்னது பொய். இங்கே வந்த நாலாவது மாசமே தனியா எழுத ஆரம்பிச்சுட்டேன்.

உன்னோட எழுதும்போது, நான் ஒரு வரியை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள நீ பென்சிலை எடுத்துடுவே. நீ திருத்தறது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். அதுதான்டி கஷ்டம். அந்தப் பாட்டுல ரெண்டாவது குரல் முழுக்க நான் எழுதினது. இப்போ அதுல என்னோடது எத்தனை சுரம் மிச்சம்னு எண்ணிப் பார்த்தேன். பதினொண்ணு.

'உன்னோட எழுத மாட்டேன்'னு சொன்னா காரணம் சொல்லணும். 'எழுதறதையே விட்டுட்டேன்'னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நீயும் கேக்கலை.

இன்னிக்குக் காலைல என் கணினியை உரிமத்துலேருந்து விடுவிச்சுட்டேன். நீ ஏத்திக்கோ. என்னோடது பாதியில நிக்குது, நிக்கட்டும்.

சுண்டு

ஜூன் 24

அன்புள்ள சுண்டு,

பதினாறாம் தேதி தாள்களைக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு பிரதிகள்.

அன்றே உரிமத்தில் உன் இடத்தைத் திருப்பித் தந்திருக்கலாம். தரவில்லை. இந்த எட்டு நாளும் அந்த மென்பொருளைத் திறக்கக்கூட இல்லாமல் சும்மா பிடித்து வைத்திருந்தேன். உன்னால் எழுத முடியவில்லை என்று நினைக்க எனக்கு நன்றாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னதாகும். இன்று மதியம் விடுவித்துவிட்டேன். உன்னுடையதைத் திற. எனக்குக் காட்ட வேண்டாம்.

ஏன் என்று நான் கேட்கவில்லை என்கிறாய். கேட்டால் சொல்லிவிடுவாய் என்று தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன் போலிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். இரண்டாவது குரலில் என் திருத்தங்களை நீக்கிவிட்டு, நீ முதலில் எழுதியதை அப்படியே வைத்தேன். நேற்று ஒத்திகையில் பெண்கள் அந்த இடத்தில் இரண்டு முறை தடுக்கி விழுந்தார்கள். மூன்றாவது முறை பாடிவிட்டு, கேட்காமலே நான்காவது முறையும் பாடினார்கள்.

குழுவை நடத்துபவர் தாளைத் திருப்பிப் பார்த்து, "இது யார் எழுதினது?" என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

"அவங்க எழுதறதையே விட்டுட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

புரொபசர்