சுத்தமான கரண்ட்

8 செப்டம்பர் 2008, திங்கள்

காலையில் போன கரண்ட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. என் வீட்டுக்காரருடைய தறி இரண்டும் நின்றுபோயின. தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற தார் மெஷின் முன்னால் நானும் கையில் நூலோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். செல்லூரில் தறிச் சத்தம் இல்லாமல் பகல் பொழுதா? எழவு வீடு மாதிரி இருக்கிறது எங்கள் பாவுத் தெரு.

மெஹராஜ் பானு வந்தாள். கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மோட்டார் மெஷினில் நைட்டி தைக்கிறாள். மகளிர் குழுவில் பழக்கம். அவளுக்கும் என் கதைதான், கரண்ட் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. வடகரைச் சங்கம் என்று ஒன்றை இந்தப் பக்கத்து ஜனங்களே சேர்ந்து ஆரம்பித்திருக்கிறார்களாம். சந்தைக் கழிவைத் தொட்டியில் போட்டுக் கேஸ் எடுத்து, அதில் என்ஜின் ஓட்டி, கட் ஆகிற நேரமெல்லாம் வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கப்போகிறார்களாம். வீடு வீடாகப் போய் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். அவள் சந்துக்கு அவள், எங்கள் தெருவுக்கு நான்.

"வாரீகளாக்கா?" என்றாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "வீடு வீடாவா?" என்று மட்டும் கேட்டார்.

11 செப்டம்பர்

சங்கத்து என்ஜினியர் சாய்பிரசாத் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். சின்னப் பையன், நம் ஆள்தான், எங்கள் பாஷை பேசுகிறவர், தெற்கு மாசி வீதிப் பக்கம் வீடு. டீசல் ஜெனரேட்டர் மாதிரி புகை கிடையாது, வீட்டுக்குள் சத்தமும் கேட்காது. மெஹராஜின் சந்து வழியாகத்தான் கம்பி எங்கள் தெருவுக்கு வரும். தெருவில் பெரும்பாலான வீடுகள் சேர்ந்தால்தான் கம்பம் நடுவார்கள். ஒரு வீடு இரண்டு வீட்டுக்காக நடமுடியாது.

தொட்டியில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "சந்தைக் கழிவு" என்றார். அழுகின தக்காளி, வாழைத்தண்டு, வாடின பூமாலை எல்லாம் எனக்குக் கண்ணில் தெரிந்தன. சரியாகத்தானே இருக்கிறது.

நோட்டீஸ் ஒரு கட்டு கொடுத்தார்கள். மேலே கொட்டை எழுத்தில்: உங்கள் சங்கத்தின் சுத்தமான மின்சாரம்.

15 செப்டம்பர்

நல்ல நாள். போன வீடெல்லாம் உட்காரச் சொன்னார்கள். மழைக்காலத்தில் வருமா, நாற்றம் அடிக்குமா, மிக்ஸி ஓடுமா என்று வரிசையாகக் கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு என்ஜினியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கடைசியாக ஸ்ரீலட்சுமி வீடு. ஆறு தறி ஓடுகிற வீடு. அவள் தலையாட்டினால் தெருவே தலையாட்டும். "நாங்க இல்லாமயா ராதா? எங்க பேரை மொதல்ல எழுதிக்கோ" என்றாள். எங்கள் நெசவுக்கார ஜனத்துக்குத் தனி பாஷை; அதில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு எழுத வருவது இதுதான்.

19 செப்டம்பர்

மட்டன் கரண்ட்!

இப்படி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். எந்த வாய் முதலில் சொன்னதோ தெரியவில்லை. வீட்டில் கறி சமைக்காத எங்கள் தெரு முழுக்க அதே பேச்சு. கோரிப்பாளையம் கறிக்கடையில் கிடைக்கிற ஆட்டுக் குடலைப் போட்டுக் காய்ச்சுகிற கரண்டாம். ஸ்விட்சைப் போட்டால் 'மே' என்று கத்துமாம்.

ஸ்ரீலட்சுமி நோட்டீஸை என் முகத்துக்கு நேரே பிடித்து, 'சுத்தமான' என்ற வார்த்தை மேல் விரலை வைத்தாள். "எதுடி சுத்தம்? பெருமாள் படத்துக்கு மேல இந்த பல்பையா போடச் சொல்ற?"

புகை இல்லாததைத்தான் சுத்தம் என்று போட்டிருக்கிறார்கள் என்றேன். அவள் கேட்கவில்லை. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. கறிக்கடைக் கழிவு ஒரு துளி போகாது, நான் பொறுப்பு என்று அவள் வீட்டுப் பெருமாளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

20 செப்டம்பர்

எல்லா வீட்டிலும் அதே சத்தியம். தொண்டை கட்டிவிட்டது. கிளப்பிவிட்டவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்.

24 செப்டம்பர்

என்ஜினியரிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். கறிக்கழிவு சேர்க்கமாட்டோம் என்று எழுதித் தாருங்கள் தம்பி, தெருவில் காட்டவேண்டும் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சேர்க்கிறோமே அக்கா. சந்தைக் கழிவுன்னு அன்னைக்கே சொன்னேன்ல. கறிக்கடையும் சந்தைதானே. அதுலதான் கேஸ் நல்லா வரும்."

அன்றைக்கே சொன்னாராம்! இப்படி வார்த்தையை மடித்துச் சொல்வதற்கா காலேஜில் படித்தார்? எங்கள் தெருவுக்கு நோட்டீஸ் கொடுக்கிறபோது இந்த என்ஜினியருக்குத் தெரியாதா, யார் என்ன கேட்பார்கள் என்று? தெரியும். தெரிந்துதான் மழுப்பினார். நான் போய் வீடு வீடாகச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். என் வாய் அந்தத் தம்பிக்கு என்ன, வாடகைக்கு எடுத்த மைக்செட்டா?

நான் ஏன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை? அதுவும்தான் எரிகிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

இன்று சங்கத்துக் கொட்டகையில் இரண்டு தெருப் பெண்களையும் கூட்டி வைத்திருந்தார்கள். உண்மையை எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீலட்சுமி எழுந்துவிட்டாள். எங்கள் தெரு சேரத் தயார், உங்கள் கடைக் கழிவு எதுவும் உள்ளே போகாது என்று ராதாமணி எங்களுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள், அதை எல்லாருக்கும் முன்னால் ஒருமுறை சொல்லிவிடட்டும் என்றாள்.

மெஹராஜின் கொழுந்தன் வைத்திருப்பதே கறிக்கடைதான்.

அவள் சத்தம் போடவில்லை. என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள். "எங்க கழிவு ஆகாது. எங்க சந்து வழியா வர்ற கம்பி மட்டும் ஆகுமாக்கா?"

பையை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே இல்லை.

30 செப்டம்பர்

போகப்போகிறேன். திரும்ப எல்லா வீட்டுக்கும். சத்தியம் பண்ணின அதே வாயால் சொல்கிறேன்: ஆமாம், குடலும் போகும். நீங்கள் வாழை இலையில் மிச்சம் வைக்கிற சோறும் போகும், பெருமாளுக்குப் போட்டுக் கழற்றின மாலையும் போகும். எல்லாம் ஒரே தொட்டிதான். எரிகிற கேஸில் எது எது என்று யாரும் பிரிக்கமுடியாது. வேண்டுமென்றால் சேருங்கள்.

இவர் வேண்டாம் என்கிறார். "சொன்னது சொன்னதா இருக்கட்டும், கரண்ட் வந்துட்டா யாரு கேக்கப்போறா" என்கிறார். நான் நோட்டீஸ் பையை எடுத்துவைத்தேன்.

2 அக்டோபர்

ரம்ஜான். வருஷா வருஷம் மெஹராஜ் வீட்டிலிருந்து சேமியா பாயசம் வரும். வரவில்லை.

6 அக்டோபர்

ஏழு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே டிவி ஓடுகிறது. நான் கூப்பிடுவது கேட்காதாம். திறந்தவர்களும் வாசலோடு சரி. "அப்ப அன்னைக்குப் பொய் சொன்னியா?" என்றாள் ஒருத்தி. தெரியாமல் சொன்னேன், அதனால்தான் இன்று வந்தேன் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஸ்ரீலட்சுமி வீட்டுக் கொலுவுக்கு இந்த வருஷம் எனக்கு அழைப்பு இல்லை. மகள் இந்துப்ரியாவை மட்டும் அனுப்பச் சொன்னாள். அவள் போகவில்லை. அம்மா இல்லாத வீட்டுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ப்ளஸ் டூ படிக்கிறாள், மெழுகுவத்தியில்.

இதே தெரு ஆம்பளைகள் பாதிப் பேர் சாயங்காலமானால் பாலத்துக்கு அந்தப் பக்கம் புரோட்டாக் கடையில்தான் நிற்கிறார்கள். சால்னாவில் மிதப்பது கத்தரிக்காயா? எங்கள் வீட்டு ஆளும்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தால் எனக்குத் தெரியாதாம். வயிற்றுக்குள் போகலாம், ஒயருக்குள் போகக்கூடாது. என்ன சுத்தமடா இது.

8 அக்டோபர்

இன்றைக்கே எழுதிவிடவேண்டும்.

முனை டீக்கடை மலைச்சாமியிடம் பால் வாங்கப் போனேன். நோட்டீஸ் ஒன்று மீதி இருந்தது, கடையில் ஒட்டட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மட்டன் கரண்ட் நோட்டீஸாக்கா? ஒட்டுங்க. அண்ணன் அன்னைக்குச் சொன்னப்ப கடையே சிரிச்சு உருண்டுச்சு" என்றார்.

எந்த அண்ணன் என்று கேட்டேன்.

"நம்ம நாகசுப்பிரமணியண்ணேதான்."

என் வீட்டுக்காரர்.

பால் வாங்கினேனா இல்லையா, நினைவில்லை. வீட்டுக்கு வந்தேன். தறியில் உட்கார்ந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நீங்களா என்று கேட்டேன். எது என்று கூடக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"உன் பொண்டாட்டி பையத் தூக்கிட்டு கோரிப்பாளையம் சந்து சந்தா சுத்துறாளாமேன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. அவங்க கேலி பண்றதுக்கு முன்னால நானே ஒண்ணு சொல்லிச் சிரிச்சுட்டா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். இம்புட்டு தூரம் போகும்னு தெரியாது ராதா."

இம்புட்டு தூரம்! நான் தொண்டை கட்டிப்போய் வந்த அன்றைக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாரே, அப்போது வாயில் என்ன இருந்தது? எவன் கிளப்பினானோ என்று இவர் முன்னால் உட்கார்ந்து திட்டித் தீர்த்தேனே. 'உம்' கொட்டிக்கொண்டே சாப்பிட்டாரே. தெருவில் நாலு பேர் இவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாதாம். அதற்காக என்னைப் பார்த்து ஒரு தெருவே சிரிக்கலாம். அந்தச் சந்து ஜனங்கள் மொத்தமும் அசிங்கப்படலாம். இருபது வருஷம் கூட இருந்த ஆளா இது?

நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

9 அக்டோபர்

பேச்சு இல்லை. தட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

13 அக்டோபர்

மெஹராஜ் வந்தாள். நான் திரும்பவும் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னது அவள் காதுக்குப் போயிருக்கிறது. நான் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. அன்றைக்குக் கொட்டகையில் எழுந்து நின்றிருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாக்கா, நின்னுருக்கணும்" என்றாள். பிறகு, "டீ போடுங்க, தலைய வலிக்குது" என்றாள்.

போட்டேன்.

16 நவம்பர்

முடிந்தது. எங்கள் தெருவில் சரி என்றது நாலே வீடு. கம்பம் நடமாட்டார்கள். மெஹராஜின் சந்துக்கு மேற்கே இருக்கிற லைன் வீடுகள், பூக்கட்டுகிறவர்களும் இட்லிக் கடைக்காரர்களும் இருக்கிற பக்கம், அங்கே மொத்தமாகச் சேர்ந்துவிட்டார்களாம். எங்களுக்கு வைத்திருந்த கம்பங்கள் அங்கே போகின்றன. என்ஜின் தாங்குவது அவ்வளவுதான். பாவுத் தெருவுக்கு இனி இப்போதைக்குக் கிடையாது.

சாய்பிரசாத்துக்கு முகம் சின்னதாகிவிட்டது. நான் முதலிலேயே உடைத்துச் சொல்லியிருக்கவேண்டும் அக்கா என்றார். இப்போது சொல்லி?

18 ஜனவரி 2009

இன்று அங்கேயும் மெஹராஜின் சந்திலும் கரண்ட் கொடுத்தார்கள். சாயங்காலம் போர்டு கரண்ட் போன நேரம் பார்த்து ஆரம்பித்தார்கள். நான் எங்கள் தெருமுனையில் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் கும்மிருட்டு. அந்தப் பக்கம் ஒவ்வொரு ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம். சந்துக்குள் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். தையல் மெஷின் ஓடுகிற சத்தம். அது யார் மெஷின் என்று எனக்குத் தெரியும்.

திரும்பினால் ஸ்ரீலட்சுமி. அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"நீ இன்னுங்கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருக்கலாம் ராதா. நாங்க என்னத்தக் கண்டோம். எங்க ஆறு தறியும் பாதி நாளு நிக்குது."

அவளை அறைந்திருக்கவேண்டும். அறையவில்லை. "ரெண்டு தடவ வந்தேன். ரெண்டாவது தடவ நீ கதவையே தொறக்கல" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அடுப்பு முன்னால், ரசம் பொங்கி வழிகிறவரை வெறித்துக்கொண்டு நின்றேன்.

9 பிப்ரவரி

இந்த மாதம் பாதி நாள் வேலை இல்லை. மெஹராஜ் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், தன் வீட்டு முன்னறையில் இடம் கிடக்கிறது, மெஷினைக் கொண்டுவந்து போடுங்கள் என்று. கரண்டுக்கு என் பங்கை நான் கொடுத்துவிடுகிறேன் என்றதற்குச் சரி என்றாள்.

இன்று வண்டி பிடித்துத் தார் மெஷினை ஏற்றினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் பிடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஸ்ரீலட்சுமி வீட்டு மாடியில் மூன்று தலை தெரிந்தது. வண்டிக்காரரை நடுத்தெருவிலேயே போகச் சொன்னேன்.

20 பிப்ரவரி

இந்துப்ரியாவும் சாயங்காலம் அங்கேதான் வந்து படிக்கிறாள். காலையில் நான் சுற்றி முடித்த தாரையெல்லாம் மதியம் அவள் தம்பி, என் சின்ன மகன், தறிக்கு எடுத்துப் போகிறான். இவர் அந்தச் சந்துக்குள் கால் வைப்பதில்லை. வைக்க வேண்டியதும் இல்லை.

11 மார்ச்

காலையில் கரண்ட் போயிற்று. சந்தில் மட்டும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மெஹராஜ் காலர் வைத்துக்கொண்டிருந்தாள், நான் ஊதா நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

இவர். தோளில் நூல் கட்டு. சட்டையெல்லாம் வியர்வை. நட்டநடுப் பகலில், கறிக்கடை வரிசையைத் தாண்டி, எல்லாரும் பார்க்க நடந்தே வந்திருக்கிறார். மெஹராஜ் எழுந்து உள்ளே வாங்கண்ணே என்றாள். வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு அவளிடம் கேட்டார்.

"இன்னொரு மெஷின் போட எடம் இருக்குமாம்மா? சும்மா உக்காந்திருக்கேன். நானும் தார் சுத்துறேன்."

மெஹராஜ் என்னைப் பார்த்தாள். "அக்காகிட்ட கேளுங்க" என்றாள்.

அவர் கேட்கவில்லை. நானும் தலை தூக்கவில்லை. இழை அறுந்தது, முடிந்தேன். ஐந்து மாதமாக உள்ளே கிடப்பது ஒரு நூல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததும் போய்விடுமா? போகாது. இப்போதும், இதை எழுதும்போதும், அப்படியேதான் இருக்கிறது.

ஆனாலும் வெயிலில் எத்தனை நேரம்தான் நிற்பார்.

என் ஸ்டூலைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.