எழுபத்திரண்டாம் கட்டத்துக்கு அப்பால்

2.3.92
பார்த்தசாரதி சாருக்கு எல்லாம் புதிதாக வேண்டும், பழையதும் உடையக்கூடாது. புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாற்றித் தருகிற கம்பைலரை எழுதுகிறவளுக்கு எத்தனை கை என்று நினைக்கிறார்? ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராமின் ஒரு வரிக்கு எழுபத்திரண்டு எழுத்துதான் கணக்கு. அதற்கு மேல் அடித்தால் கம்பைலர் கண்டுகொள்ளாது. கார்டில் துளை போட்ட காலத்துச் சட்டம்.

"அத நூத்தி முப்பத்திரண்டு ஆக்கிடும்மா தெரசா. பூந்தமல்லி கியர் கம்பெனில நீள வரி கேக்கறாங்க" என்றார்.

5.3.92
ஆக்கியாயிற்று. பழைய சட்டமே வேண்டுபவர்கள் ஓட்டும்போது அதைத் தேர்ந்துகொள்ள கம்பைலரில் ஒரு சுவிட்ச் வைக்கலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே இருபது சுவிட்ச் இருக்கிறது. வைக்கவில்லை. அலுப்பு, வேறு காரணம் இல்லை.

6.3.92
சோதனைப் புரோகிராம் நாற்பதும் ஓடின. கொரட்டூர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

27.3.92
கியர் கம்பெனியில் கலாட்டா. புதுக் கம்பைலரில் ஓட்டிய கணக்கை வைத்து வெட்டிய கியர்களில் பல்லின் தடிமன் தப்பு. முந்நூறும் காயலான் கடைக்கு. அங்கே புரோகிராம் அடிக்கிற கன்னியம்மாதான் எண்ணைத் தப்பாக அடித்திருப்பார் என்று அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம். இருபது வருஷ சர்வீஸ். பாவம்.

30.3.92
அந்தப் புரோகிராமை வரிவரியாக அச்சடித்த லிஸ்டிங் வந்தது.

கன்னியம்மா ஒரு வரியைத் திருத்தினால், திருத்திய தேதியை அதே வரியில் எழுபத்திரண்டாம் கட்டத்துக்கு அப்பால் அடித்து வைப்பார். கம்பைலர் பார்க்காத இடம்தானே, ஞாபகத்துக்கு. இப்போது அது பார்க்கிறது! நடுவே உள்ள வெற்றிடத்தை மதிக்காமல் எண்களை ஒட்டவைக்கிறது. வரிக் கடைசியில் 2. என்று இருக்கிறது. தள்ளி 120684, எண்பத்து நாலு ஜூன் பன்னிரண்டு. இரண்டும் சேர்ந்து 2.120684 ஆகிவிட்டது. பிழை என்று ஒரு வார்த்தை இல்லை.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. நான்தான்.

31.3.92
சாரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாத. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடு. இந்த ஆர்டர் போச்சுன்னா நாம பதினோரு பேரும் தெருவுலதான்."

அந்தம்மா மட்டும் தெருவில் நிற்கலாமா? கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

2.4.92
சுவிட்ச் வைத்துவிட்டேன். அரை நாள் வேலை. வெறும் அரை நாள்!

5.4.92
ஞாயிறு. தவக்காலம். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவேண்டியது அங்கே இல்லை.

9.4.92
சீ, என்ன ஜென்மம் நான். நாளைக்குப் போகிறேன். வேலை போனால் போகட்டும்.

10.4.92
போனேன். கியர் கம்பெனி மேனேஜர் கஜபதியின் மேஜையில் லிஸ்டிங்கை விரித்து எல்லாம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அது முடிஞ்சிபோன மேட்டராச்சேம்மா. என் கவனக்குறைவுன்னு கன்னியம்மா முந்தாநேத்தே எழுதிக் குடுத்திடுச்சி. எழுதிக் குடுத்தா சேத்துக்கறோம்னோம். சேத்துக்கினோம்."

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடக் கூடாதா என்றேன். ஃபைலில் போய்விட்டதாம். புது வெர்ஷன் எப்போது வரும் என்று கேட்டார்.

கன்னியம்மா கம்ப்யூட்டர் அறையில் இருந்தார். "தப்பு உங்க மேல இல்லக்கா, என் கம்பைலர் மேல" என்று அவருக்கும் விளக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கோசரம் சொல்றே. நல்ல பொண்ணு நீ. உடும்மா, திரும்ப விசாரணை அது இதுன்னு கெளறாத. எனக்கும் வயசாவுதில்ல? ரெண்டு எது, மூணு எதுன்னு கண்ணுக்குத் தெரியாமதான் பூட்ச்சி."

இல்லக்கா, இல்லக்கா என்று அங்கேயே அழுதுவிட்டேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மூக்கில் புதுக் கண்ணாடி. நேற்றுதான் வாங்கினாராம்.