உள்ளங்கைக் காரும் என் வலது கையும்

2025 ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று விடியற்காலையிலிருந்தே அடிக்கிறது. மேசையைத் துடைத்து நிமிருமுன் மறுபடியும் மண். கடற்கரைக்குக் கிட்ட வீடு கட்டித் தந்த வாப்பாவுக்கு, மகள் இந்த வீட்டுக்குள் இருந்து போன் திருத்துவாள் என்று அன்றைக்குத் தெரிந்திருக்காது.

இன்று மூன்று பெண்கள் வந்தார்கள். வழமையான கதைதான்: கடைப் பொடியன்மாரிடம் கொடுக்கப் பயமாம், உள்ளுக்குள் படமெல்லாம் கிடக்கிறதாம். கல்முனையில் கடைக்குக் கடை போன் திருத்துகிறார்கள். ஆனாலும் பெண்களின் போன் என் முன்னறைக்குத்தான் வருகிறது. அந்தப் பயத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்று சொல்லலாம்.

என் மனிசன் சுபியான் நெல் வெட்டும் மெசினோடு பொலன்னறுவைப் பக்கம் போய்விட்டார். போகுமுன் தன் செல்லப் பிள்ளையை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு றிமோட் கார். வீட்டளவு மெசினை ஓட்டுகிற ஆளுக்கு இதில் ஏன் இவ்வளவு காதலோ! கல்யாணம் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் கூட்டாளி கச்சிமுகம்மதுடைய கல்யாண ஹோலில் இவர்கள் கூடிப் பந்தயம் விடுகிறார்கள். எல்லாரும் தாடி நரைத்த பிள்ளைகள். போன தடவை எங்கள் கார் கடைசி. அந்த மாபிள் தரையில் வழுக்கி, திரும்பும் இடமெல்லாம் கவிழ்ந்ததாம். கச்சிமுகம்மது இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறானாம்.

வேகம் கூட வேண்டும், வழுக்கக் கூடாது. ஓகஸ்ட் முதல் வெள்ளிக்குள் முடித்து வைக்கட்டாம். சம்பளம் கேட்டேன். சோறு தின்னத் தருகிறேன்தானே என்றார். சோறு ஆக்குவது நான்.

ஜூலை 10, வியாழன்

காரைக் கழற்றினேன். சில்லு சுற்றும் இடங்களில் பிளாஸ்ரிக் வளையம்தான் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு உளுந்தளவு பெயரிங் வைத்தேன். ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டது. கண்டுபிடிக்க மதியம், லுஹர் நேரம் ஆகிவிட்டது. தையல் மெசின் எண்ணெயில் ஒரு சொட்டு. பிறகு சில்லை வாயால் ஊதினேன். சுற்றத் தொடங்கியது நிற்க மனமில்லாமல் சுற்றியது. தனியே இருந்து சிரித்தேன்.

உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு இந்த வீட்டில் நான் தனியே சிரித்தது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

பாண்டிருப்பிலிருந்து யதுசா என்றொரு பிள்ளை வந்தாள். போன் முழுதாகச் செத்துவிட்டது. மகன் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோ எல்லாம் அதற்குள்தானாம், வேறெங்கும் இல்லையாம். உள்ளே இருக்கிற சர்க்கிட் பலகையில் மயிரிழை மாதிரி ஒரு இடத்தில் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். கை ஒரு நூல் பிசகினால் எல்லாம் போச்சு. செய்து தருகிறேன் என்றேன். எனக்குப் பிடித்த வேலை அது.

ஜூலை 14, திங்கள்

புது மோட்டர் வந்தது. பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். நடுவறைக் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஓட விட்டேன். யா அல்லாஹ், என்ன பாய்ச்சல்! கதவில் அடித்துத் திரும்பி என் காலுக்கே வந்தது.

ஆனால் முன் சில்லு இரண்டும் நடுங்குகின்றன. நேரே ஓட்டினாலும் இடம் வலமென்று சின்னச் சின்னதாகத் துடிக்கின்றன. போன கிழமை சுபியான் ஓட்டியபோது நூல் பிடித்த மாதிரிப் போனது. நான் ஓட்டினால்தான் இப்படி.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து மண், உப்பு எல்லாம் துடைத்துச் சுத்தம் செய்தேன். அப்படியேதான். றிமோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன், மூச்சை அடக்கினேன். சில்லு நடுங்குகிறது.

கார் நிற்கும்போது நடுக்கம் இல்லை. நான் விசையை இழுத்தால்தான். அப்படியென்றால் என் விரல்தானே?

ஜூலை 16, புதன்

உம்மாவுக்கும் வலது கைதான்.

ஜூலை 18, வெள்ளி

எழுதாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

உம்மாவுக்கு அது தொடங்கிய விதம் நினைவில் இருக்கிறது. தஸ்பீஹ் மணிமாலையைப் பிடித்தபடி இருப்பா. ஓதி முடித்த பிறகும் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் உருட்டிக்கொண்டே இருக்கும். பார்த்த நாங்கள், உம்மா எந்நேரமும் அல்லாஹ்வை நினைத்துத் திக்ரில் இருக்கிறா என்று பெருமைப்பட்டோம். பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பை சிந்தத் தொடங்கியது. பிறகு ஊட்ட வேண்டி வந்தது. கடைசி வருடங்களில் எல்லாமே நான்தான் செய்தேன். செய்ததில் எனக்குச் சலிப்பில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் நான் படுத்தால்? எனக்கு யார்? வயல் வயலாகத் திரிகிற மனிசனா?

கையை நீட்டி அதில் ஒரு தாளை வைத்துப் பார்த்தேன். தாள் ஆடியது. மேலே பார்த்தால் ஃபேன் ஓடுகிறது. அதை நிறுத்தினேன், இன்னும் ஆடியது. ஜன்னல். ஜன்னலைச் சாத்த எழும்பவில்லை. சாத்திய பிறகும் ஆடினால் என்ன செய்யிற? தெரியாமலே இருந்துட்டுப் போறன்.

யதுசா வந்தாள். போனுக்குப் போடும் சாமான் இன்னும் வரவில்லை என்றேன். பொய். சாமான் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அந்தப் பிள்ளை "பரவாயில்லக்கா, ஆறுதலாச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அவளுடைய மகன் தவழ்ந்ததும் நடந்ததும் என் லாச்சிக்குள் கிடக்கின்றன. நடுங்குகிற கையோடு அதை நான் தொடுவதா?

சுபியான் போனில் பேசினார். கார் எப்படி என்று கேட்டார். நல்லம் என்றேன். நீ எப்படி என்று கேட்டார். அதற்கும் நல்லம்.

ஜூலை 20, ஞாயிறு

சும்மா இருந்தால் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நேற்று ரயர் வேலையைத் தொடங்கினேன். அதற்குக் கை நிதானம் தேவையில்லை. றப்பரை மூட்டுவலித் தைலத்தில் ஊறப் போட்டால் மெத்தென்று வந்து தரையைப் பிடிக்குமாம், யூடியூப்பில் ஒருவன் சொல்கிறான். உம்மாவுக்குத் தேய்த்த தைலம் அலுமாரியில் இரண்டு போத்தல் மிச்சம் இருந்தது. ஜாம் போத்தலில் ஊற்றி நாலு ரயரையும் போட்டேன். இன்று எடுத்துப் பிசைந்தால் முறுக்கு மாவு மாதிரி இருக்கிறது. வீடு முழுக்க, நோயாளி படுத்துக் கிடக்கிற வருத்தக்கார வீட்டு மணம்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று நடந்ததை முறையாக எழுத வேண்டும்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் வாசலில் பக்கத்து வீட்டு றபீக்கா மாமி. ஒரு கையில் பாலில் கரைத்துக் குடிக்கும் மோல்ட் மாப் பெட்டி, மறு கையில் தோடம்பழப் பை. முந்தாநாளிலிருந்து என் வீட்டுப் பக்கம் தைலம் மணக்கிறது, நான் வெளியே தலை காட்டவில்லை, மனிசனும் ஊரில் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து வருத்தம் விசாரிக்க வந்துவிட்டா. வருத்தக்காரரைப் போய்ப் பார்க்காமல் இருந்தால் அவவுக்கு இரவைக்கு நித்திரை வராது.

"என்னகா புள்ள, வருத்தமெண்டு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதா? நான் என்ன அசலாளா?"

ரயர் ஊறப் போட்டேன் மாமி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மூன்று நான்கு நாளாக யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்றல்லவா இருந்தேன்? வலது கையை நீட்டினேன். கையில் வருத்தம் மாமி என்றேன், அவ்வளவுதான். அவ மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முழங்கையிலிருந்து நுனி விரல் வரைக்கும் தடவித் தடவி ஓதி ஊதினா. தண்ணீரில் ஓதிக் குடிக்கத் தந்தா. குடித்தேன். அழுகை வந்தது, தண்ணீர் புரையேறிய மாதிரி இருமிச் சமாளித்தேன்.

வந்த காரியம் முடிந்ததும் அவவுடைய கண் வீட்டைச் சுற்றியது. மேசையில் கார். இது என்னகா, ஆருக்கு வாங்கின என்றா. சுபியானுக்கு என்றேன். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டா. பிறகு தனக்கும் ஓட்டக் காட்டித் தரச் சொன்னா. காரைக் கீழே வைத்து, றிமோட்டைக் கையில் கொடுத்து, இந்த விசையை இழுங்கள் என்றேன். மாமி இழுத்தா. கார் நடுவறைக்குள் பாய்ந்தது. மாமி அதைக் கண்ணால் துரத்தினா. பிறகு முகத்தைச் சுருக்கினா.

"ஏன்கா இதுக்கு முன் சில்லு நடுங்குது?"

உங்களுக்குக் கை நடுங்குகிறதா மாமி என்று கேட்டேன். மரியாதையில்லாத கேள்விதான். அதற்குள் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

"எனக்கா? நான் இண்டைக்கும் கண்ணாடி போடாம ஊசிக்கு நூல் கோக்கிறன்."

காரைத் தூக்கி ஒரு பெட்டிக்கு மேல் வைத்தேன், சில்லு தரையில் படாதபடி. றிமோட்டை மேசையில் கிடத்தி, விசையை ஒரு றப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டினேன். பின் சில்லு சுற்றத் தொடங்கியது. யாருடைய கையும் அதில் இல்லை. முன் சில்லு நடுங்கியது. வெட்டுப்பட்ட பல்லி வால் மாதிரித் துடித்தது.

கார்தான். என் கை இல்ல. கார்தான், கார்தான்.

மாமி பயந்துவிட்டா. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவ மறுபடியும் ஓதத் தொடங்கினா.

அவ போனதும் குப்பை வாளியைக் கவிழ்த்துப் பழைய மோட்டரைத் தேடி எடுத்தேன். அதன் பின்புறத்தில் பயறளவில் மூன்று கொண்டென்சர் ஒட்டியிருந்தன. மோட்டர் சுற்றும்போது கிளம்புகிற மின் இரைச்சலை அவைதான் விழுங்கும். இல்லாவிட்டால் அந்த இரைச்சல் ஸ்டியரிங்கைப் போய்க் குழப்பும். புது மோட்டர் வெறும் முதுகோடு வந்தது. நான் இரண்டு வயரை மட்டும் ஒட்டிவிட்டு எழும்பிவிட்டேன். இவ்வளவு நாளாக இந்தத் தொழில் செய்கிறேன், நேற்றுப் படிக்க வந்த பிள்ளையும் விடாத பிழை. கழற்றும்போதே பார்த்திருக்க வேண்டாமா? சில்லு நடுங்கினவுடன் அதை நினைத்திருக்க வேண்டாமா? நினைக்கவில்லை. என் புத்தி நேரே உம்மாவுடைய கட்டிலுக்குத்தான் போனது.

மூன்றையும் எடுத்துப் புது மோட்டரில் ஒட்டினேன். மூன்றும் முதல் தரத்திலேயே ஒட்டின. விட்டுப் பார்த்தேன். கார் சுவருக்குச் சுவர் நேரே போனது. அல்ஹம்துலில்லாஹ்.

மாமி நாளை வந்து, ஓதின தண்ணியில்தான் சுகமானது என்பா. சொல்லட்டும். நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

ஜூலை 23, புதன்

விடிகிற சுபஹு வரைக்கும் ஒரே நித்திரை. தோடம்பழம் நல்ல இனிப்பு.

ஜூலை 26, சனி

யதுசாவுடைய போன் உயிர் பெற்றது. ஒட்டி முடித்ததும் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவு களைப்பு. அவள் வந்து அந்த இடத்திலேயே வீடியோவைப் போட்டாள். பொக்கை வாய்ப் பொடியன் ஒருவன் கமராவை நக்க வருகிறான். அதே பொடியன் அவளுடைய இடுப்பில் இருந்துகொண்டு என் மேசையிலுள்ள ஸ்க்றூக்களை அள்ளுகிறான். சாமான் எங்கிருந்து வந்ததக்கா என்று கேட்டாள். கொழும்பிலிருந்து என்றேன். போகட்டும், இன்னொரு பொய்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

நேற்றுச் சுபியான் வந்தார். முகம் கறுத்து, காதுக்குள்ளெல்லாம் நெல்லுத் தூசு. குளிக்குமுன் காரை ஓட்டிப் பார்த்தார். குளிக்காமலே மறுபடியும் ஓட்டினார். அது போதும்.

இன்று பந்தயத்தில் எங்கள் கார் இரண்டாவது. ஒரு தரம்கூடக் கவிழவில்லையாம். கச்சிமுகம்மது காரைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, இது காரா கிழவன்ட முழங்காலா என்று கேட்டானாம். முதலாவது வந்தது அவனேதான், அவனுடைய ஹோல், அவனுடைய தரை.

கை விசயத்தை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். சுபியான் மோட்டர் சைக்கிளை உள்ளே உருட்டும்போது வேலிக்கு மேலால் றபீக்கா மாமி கேட்டுவிட்டா, ஸம்றாவுக்குக் கை வருத்தம் எப்படி என்று. பிறகென்ன, முழுவதையும் சொல்ல வேண்டி வந்தது. தாளை, ஃபேனை, உம்மாவை. சிரிப்பாகத்தான் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"போன்ல ஒவ்வொரு நாளும் நல்லம் நல்லம் எண்டியே புள்ள."

மெசினை விட்டுட்டா வருவீங்க மச்சான் என்றேன்.

"உன்ட உம்மாவ நீ பாத்த மாதிரி உன்ன நான் பாக்க மாட்டன் எண்டு நினைச்சிட்டாய்."

கேள்வியாகக் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். அவர் கேட்கவில்லை. சோறு போட்டேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றோம்.

ஓகஸ்ட் 4, திங்கள்

வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? காலையிலேயே என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெயர் கூப்பிட்டதும் தான் உள்ளே வரவில்லை என்றார். வெளியில் தூணோடு நின்றுகொண்டார்.

டொக்டர் ஒரு இளம் பெண். கையை நீட்டச் சொன்னா, விரலைத் தட்டச் சொன்னா, மணிக்கட்டை ஆட்டிப் பார்த்தா, நடந்து காட்டச் சொன்னா. ஒரு தாளைத் தந்து, நடுவிலிருந்து வட்டம் வட்டமாக வெளியே கீறச் சொன்னா. பிறகு ஏதாவது ஒரு வசனம் எழுதச் சொன்னா. எனக்கு ஒன்றும் வரவில்லை. மோட்டருக்குக் கொண்டென்சர் போட மறக்கக் கூடாது என்று எழுதினேன். அவ அதை வாசித்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தா. பிறகு சொன்னா, ஒன்றுமில்லையாம். உம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரத்தான் வேண்டும் என்றில்லையாம். தேத்தண்ணியைக் குறைக்கட்டாம், நேரத்துக்குத் தூங்கட்டாம்.

வெளியே வந்து சுபியானிடம் ஒன்றுமில்லையாம் என்றேன். தெரியும்தானே, நான் சொன்னேன்தானே என்றார். இரண்டு மூன்று தரம் சொன்னார். விறுவிறென்று மோட்டர் சைக்கிளடிக்கு நடந்தார். சாவியைப் போடப் போனார், அது துவாரத்துக்குப் பக்கத்தில் முட்டியது. மறுபடி போட்டார், மறுபடியும் முட்டியது. அந்தப் பெரிய மெசினை வரப்பு மிதிக்காமல் திருப்புகிற கை, சாவியை வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று ஆடியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூணடியில் நின்ற பயம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

சாவியை நான் வாங்கினேன். ஒரே தரத்தில் உள்ளே போனது.